கடற்கரை வெயிலில் இஞ்சி சோடா: வீட்டிலேயே புளிக்க வைக்க ஒரு வழிகாட்டி

இஞ்சி சோடாவை வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது நாள் கணக்கில்தான். “7 நாள் வையுங்கள்” என்று சொல்பவர் குளிர்ந்த ஊரில் இருந்து சொல்கிறார். அவர் வீட்டில் 20 டிகிரி இருக்கும். ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் சமையலறை மேடையில் சித்திரை மாதம் 34 டிகிரி. அந்த 7 நாளை அப்படியே கடைப்பிடித்தேன், கிடைத்தது காடி. அடுத்த முறை பாட்டிலில் 3 நாள் வைத்தேன், அது என்ன ஆனது என்பதை 6-ஆம் படியில் சொல்கிறேன். ராமேசுவரத்தில் இருந்து தொண்டி வரைக்கும் உப்புத் தண்ணீரும் அனல் காற்றுமாக வாழ்கிற நமக்கு வேறு கணக்கு வேண்டும். ஏழெட்டு மாதம் சர்க்கரையை வீணாக்கி நான் கற்றுக்கொண்ட கணக்கு இது.

கொம்புச்சா என்கிற புளித்த தேநீரை விட்டுவிட்டு இஞ்சி சோடாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கொம்புச்சாவுக்கு வழுவழுப்பான தாய்ப்படலம் ஒன்று வேண்டும். நான் அதை ஆன்லைனில் வாங்கினேன். கோடையில் நான்கு நாள் கூரியரில் வெந்து, பை உப்பி, பச்சைப் பூஞ்சையோடு வந்து சேர்ந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. இஞ்சி சோடாவுக்கு அந்தத் தலைவலி கிடையாது. வேண்டிய நுண்ணுயிர் இஞ்சித் தோலிலேயே இருக்கிறது. நாம் செய்வது அதற்குத் தீனி போட்டு வளர்ப்பது மட்டும்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்கு நல்லது என்பதற்காக மட்டும் இதில் இறங்குவதாக இருந்தால், பழைய சோற்று நீராகாரமும் மோரும் போதும், காசும் மிச்சம். இது நுரைக்கும் கேஸுக்கும் ஆசைப்படுகிறவர்களுக்கானது.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு

அகல வாய் கண்ணாடி ஜாடி ஒன்று, 1 லிட்டர் பிடிப்பது. குடித்து முடித்த கடைப் பிளாஸ்டிக் சோடா பாட்டில்கள் நாலைந்து. சல்லடை மாதிரி ஓட்டை இல்லாத, நெருக்கமான பருத்தித் துணி. பழைய வேட்டித் துண்டு சரியாக இருக்கும். பி.எச். தாள் (புளிப்பை அளந்து காட்டும் தாள்) ஒரு கட்டு. மரக்கரண்டி. இவ்வளவுதான். ஜாடிக்கும் பி.எச். தாளுக்கும் சேர்த்து எனக்கு 300 ரூபாய்க்குள் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு லிட்டர் சோடாவுக்குச் சர்க்கரை, இஞ்சி, எலுமிச்சை எல்லாம் சேர்த்து 20 முதல் 25 ரூபாய் ஆகிறது. எலுமிச்சை விலை ஏறினால் கூடும்.

பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் பக்கம் போகவே வேண்டாம். புளிப்பு உலோகத்தை அரிக்கும். எவர்சில்வரில் காய்ச்சலாம், கலக்கலாம். ஊறுகாய் போட்ட பீங்கான் ஜாடி வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் எண்ணெய் வாடை போகாது.

2. தண்ணீரை முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் பாதித் தோல்வி இங்கேதான். முதலில் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உவர்ப்புத் தெரிந்தால் அந்தத் தண்ணீர் சோடாவுக்கு ஆகாது. “கொதிக்க வைத்தால் உப்புப் போயிடும்” என்று எங்கள் தெருவிலேயே நாலு பேர் சொன்னார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகி உப்பு மிஞ்சி, முன்பைவிடக் கூடுதலாகக் கரிக்கும்.

காவிரி கூட்டுக் குடிநீர் வருகிற வீடு என்றால் அது நல்ல தண்ணீர்தான். ஆனால் குளோரின் போட்டு விடுகிறார்கள். நோய்க் கிருமியைக் கொல்வதற்காகப் போட்ட குளோரின் நம் இஞ்சிக் கிருமியையும் சேர்த்துக் கொன்றுவிடும். 10 நிமிடம் கொதிக்க வைத்து, மூடாமல் வேடு கட்டி ஆற விடுங்கள். மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீர் ருசியாகத்தான் இருக்கும், ஆனாலும் அதையும் கொதிக்க வைக்காமல் ஊற்ற வேண்டாம். கேன் தண்ணீர் எடுப்பவர்களுக்கு வேலை மிச்சம். ஆர்.ஓ. தண்ணீரில் தாது குறைவு என்பதால் பொங்குவதற்கு அரை நாள் கூடுதலாகப் பிடிக்கலாம். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

3. இஞ்சி உறை போடுங்கள்

தயிருக்கு உறைமோர் மாதிரி இதற்கு இஞ்சி உறை. ஒரு தடவை வளர்த்துவிட்டால் மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஜாடியில் 400 மில்லி ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள். தோலோடு பொடியாக நறுக்கிய இஞ்சி 2 மேசைக்கரண்டி, வெள்ளைச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி போட்டுக் கலக்குங்கள். இஞ்சியில் ஒட்டிய மண்ணை மட்டும் தண்ணீரில் அலசினால் போதும். தேய்த்துக் கழுவினாலோ தோலைச் சீவினாலோ வளர வேண்டியதையே தூக்கிப் போடுகிறீர்கள். சந்தையில் மண்ணோடு குவித்து விற்கிற இஞ்சியில் எனக்கு ஒரு முறைகூடத் தவறவில்லை. பளபளவென்று கழுவிப் பொட்டலம் கட்டியதில் இரண்டு முறை ஏமாந்தேன்.

வாயைத் துணியால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள். கொசுவலைத் துணி வேண்டாம், பழ ஈ உள்ளே போய்விடும். ஜாடியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் ஜாடியைச் சுற்றி எறும்புச் சாரை நிற்கும்.

அன்றாடம் ஒரே நேரத்தில் 1 மேசைக்கரண்டி இஞ்சியும் 1 மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்த்து, காலையிலும் மாலையிலும் கலக்கிவிடுங்கள்.

எப்போது தயாராகும்? மீன்பிடித் தடைக்காலத்தை வைத்து நினைவில் கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் நிற்கிற அந்த 2 மாதமும் உறை இரண்டு மூன்று நாளில் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் 5 நாள் வரை ஆகும். கலக்கும்போது காதை ஜாடியிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். சோடாவைத் தம்ளரில் ஊற்றியதும் கேட்குமே ஒரு ‘ஸ்ஸ்’, அதே சத்தம் மெலிதாகக் கேட்க வேண்டும். இஞ்சித் துண்டெல்லாம் மேலே மிதக்கும், நீர் கலங்கி வெளுத்திருக்கும், வாடை தோசை மாவும் இஞ்சியும் கலந்தாற்போல் இருக்கும்.

மேலே வெள்ளையாக, மெல்லிசாக, தட்டையாக ஆடை படிந்தால் எடுத்துப் போட்டுவிட்டுத் தொடரலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறமாகவோ பஞ்சு மாதிரியோ எதுவும் தெரிந்தால் முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள். மேலே தெரிவதை மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் இது அடிக்கடி வரும்.

4. கருப்பட்டி எங்கே, சர்க்கரை எங்கே

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கையில் இருக்கும்போது வெள்ளைச் சர்க்கரை எதற்கு என்று நானும் கேட்டேன். முதல் உறையைக் கருப்பட்டியிலேயே போட்டேன். நாலு நாள் ஆகியும் புளிப்பு ஏறவில்லை, ஒரு மாதிரி சேற்று வாடை வந்தது. பதநீர் புளிக்காமல் இருக்கத்தானே கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குகிறார்கள்? அந்தச் சுண்ணாம்பின் மிச்சம் கருப்பட்டியில் இருந்தால் புளிப்பை எதிர்க்கத்தான் செய்யும். அதனால் உறைக்கு வெள்ளைச் சர்க்கரை. ருசிக்காகச் சோடாவில் சேர்க்கும் பாகுக்குக் கருப்பட்டி. அதையும் வெந்நீரில் கரைத்து, தெளிய வைத்து, துணியில் வடிகட்டுங்கள். அடியில் எவ்வளவு மணல் நிற்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பதநீரையே வாங்கி நுரைக்க வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். புளித்த பதநீர் என்றால் அது கள். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருக்கிறது. “வீட்டில் சோடா செய்தேன்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

5. இனிப்பு நீர் காய்ச்சுங்கள்

1 லிட்டர் சோடாவுக்கு 80 கிராம் சர்க்கரை, அதாவது தட்டையாக 6 மேசைக்கரண்டி. இனிப்பு அதிகமாகத் தெரியும், அதில் ஒரு பங்கை நுண்ணுயிர் தின்றுவிடும். சர்க்கரை நோயாளிகள் கவனிக்க: மிச்சச் சர்க்கரை அதிலேயேதான் இருக்கும். ‘புளிச்சதுல சர்க்கரை இல்ல’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் மாற்றி மாற்றிச் செய்வது மூன்று வகை.

எலுமிச்சை இஞ்சி: 50 கிராம் இஞ்சியை நசுக்கி 10 நிமிடம் கொதிக்க விட்டு, சர்க்கரை கரைத்து, ஆறிய பிறகு 2 எலுமிச்சம்பழம் பிழியுங்கள். புதியவர்கள் இதில் தொடங்குங்கள். புளிப்பு ஏற்கெனவே இருப்பதால் கெட்டுப்போகும் வாய்ப்புக் குறைவு.

நன்னாரி: 10 கிராம் வேரை இடித்து, வெந்நீரில் இரவு முழுதும் மூடி வையுங்கள். கொதிக்க விட்டால் மணம் போய்விடும். அவசரத்துக்குக் கடை நன்னாரி சர்பத்தை ஊற்றினால் என்ன என்று தோன்றும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 211 என்றோ 202 என்றோ எண் போட்டிருந்தால் அது கெடாமல் இருக்கப் போட்ட மருந்து. 211 சோடியம் பென்சோயேட், 202 பொட்டாசியம் சார்பேட். புளிப்பதைத் தடுப்பதுதான் அவற்றின் வேலை, அதனால் சோடா பொங்காது. இது தெரியாமல் 3 லிட்டர் கொட்டியிருக்கிறேன்.

கருப்பட்டி மிளகாய்: வடிகட்டிய கருப்பட்டிப் பாகில் சுக்கும், விதை நீக்கிய அரை முண்டு மிளகாயும் போட்டுக் காய்ச்சி வடிகட்டி, எலுமிச்சை பிழிந்தது. நம் ராமநாதபுரம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம், சோடாவிலும் போட்டுப் பார்க்கலாமே. குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

எதுவானாலும் கைபொறுக்கும் சூட்டுக்குக் கீழே ஆறிய பிறகே உறை சேருங்கள். சூட்டோடு ஊற்றினால் உறை வெந்து செத்துவிடும்.

6. பாட்டிலில் அடைப்பது

இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள்.

ஆறிய 1 லிட்டர் இனிப்பு நீருக்கு 100 மில்லி உறை நீர், வடிகட்டியது. கலந்து பாட்டிலில் ஊற்றி, வாயில் 2 அங்குலம் காலி விட்டு இறுக மூடுங்கள். ஜாடியில் எடுத்த அளவுக்குத் தண்ணீரும், ஒரு கரண்டி சர்க்கரையும், இஞ்சியும் போட்டுவிட்டால் உறை மறுபடி ஏறும்.

போன சித்திரையில் எலுமிச்சைச் சோடாவைக் கண்ணாடி ஜூஸ் பாட்டிலில் அடைத்து அலமாரியில் 3 நாள் வைத்திருந்தேன். மதியம் 2 மணிக்கு வெடித்தது. தெருமுனை டிரான்ஸ்பார்மர்தான் போய்விட்டது என்று நினைத்து ஓடினேன். உள்ளே வந்து பார்த்தால் கண்ணாடிச் சில்லு எண்ணெய்ச் சட்டிக்குள் கிடக்கிறது, மின்விசிறி இறக்கையில் இருந்து பாகு சொட்டுகிறது. அந்த நேரம் யாரும் அடுப்படியில் நிற்காதது எங்கள் நல்ல காலம். அத்தை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டே, “நன்னாரி சர்பத்தோட நிறுத்திக்கன்னு அப்பவே சொன்னேனா இல்லையா?” என்றார்கள். கூரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து கண்ணாடியில் அடைப்பதில்லை. பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான். அதிலும் அடிப்பாகம் ஐந்து குமிழ்க்கால் வைத்த பாட்டிலாகப் பாருங்கள். அது கேஸ் தாங்குவதற்கென்றே செய்தது. தண்ணீர் பாட்டில் மெலிசு, தாங்காது. கம்பிக் கொக்கி போட்ட கண்ணாடிப் பாட்டில்தான் வேண்டும் என்று நிற்பவர்கள், கடற்காற்றில் அந்தக் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று மாதம் ஒரு முறையாவது பாருங்கள்.

பிளாஸ்டிக்கில் இன்னொரு வசதி, அழுத்திப் பார்க்கலாம். அடைத்ததும் விலாவில் கட்டைவிரலை வைத்து அமுக்குங்கள், அமுங்கும். கடையில் வாங்கிய புதுச் சோடா மாதிரி கல்லாக நின்றால் வேலை முடிந்தது, உடனே ஃப்ரிட்ஜ். கோடையில் 10 முதல் 16 மணி நேரம். மார்கழி, தையில் 24 முதல் 36 மணி நேரம். மணிக் கணக்கை நம்ப வேண்டாம், விரலை நம்புங்கள்.

ராத்திரி 8 மணிக்கு அடையுங்கள். காலை 6 மணிக்கு எழுந்ததும் முதல் அமுக்கு. அதற்குப் பிறகு 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை. மதியம் அடைத்தால் நீங்கள் தூங்குகிற நடுச்சாமத்தில் அது முற்றும். அடைத்துவிட்டு மதுரைக் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விடாதீர்கள்.

7. ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு

குறைந்தது 8 மணி நேரம் குளிர வேண்டும். குளிர்ந்த நீரில்தான் கேஸ் கரைந்து நிற்கும். பாதி குளிர்ந்ததைத் திறந்தால் முக்கால் பாட்டில் நுரையாகக் கொட்டும். சிங்க்கில் வைத்து, மூடியைக் கால் திருகு திருகி, சீறல் அடங்கிய பிறகு மறு திருகு.

ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். குளிரில் புளிப்பு மெதுவாகும், நிற்காது. கரண்டு போய் 4 மணி நேரத்துக்கு மேல் ஆனால் எல்லா மூடியையும் ஒரு முறை தளர்த்தி மூடுங்கள்.

முதல் தடவை குடிக்கும் முன் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் நல்லது. 4.5-க்கு மேல் நின்றால் குடிக்க வேண்டாம். முதல் நாள் அரை தம்ளர் போதும். பழகாத வயிறு இரைச்சல் போடும்.

8. யார் குடிக்கலாம், யார் தள்ளி நிற்கணும்

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், கீமோ எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் இஞ்சி அளவைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாராயச் சத்து இருக்கிறதா என்று கீழக்கரையில் இருந்து ஒரு தோழி கேட்டாள். இருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றால் கேஸும் வரும், கொஞ்சம் ஆல்கஹாலும் வரும். சீக்கிரம் எடுத்துக் குளிர வைத்தால் அளவு குறைவு. வெயிலில் இரண்டு மூன்று நாள் விட்டால் ஏறும். இந்திய உணவுச் சட்டப்படி 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானக் கணக்கு. வீட்டில் அதைத் துல்லியமாக அளக்க வழியில்லை. இஸ்லாமிய மார்க்கப்படி கூடுமா கூடாதா என்பதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இதையெல்லாம் சொல்லி ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அவள் மோருக்கே திரும்பிவிட்டாள்.

9. விற்க ஆசைப்பட்டால்

வீட்டில் குடிக்கவும் உறவுக்காரர்களுக்குக் கொடுக்கவும் எந்தப் பேப்பரும் வேண்டாம். காசு வாங்குவதாக இருந்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். பெரிய அளவில் செய்பவர்களுக்கு உரிமம், சின்ன அளவில் செய்கிற நமக்குப் பதிவு. அவர்களுடைய ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஆதார் மாதிரி அடையாளச் சான்று, செய்கிற இடத்துக்கான முகவரிச் சான்று. வாடகை வீடு என்றால் ஒப்பந்தப் பேப்பரையும் எடுத்து வையுங்கள். நான் கட்டியபோது ஆண்டுக்கு 100 ரூபாய். இதையே செய்து தர ஒரு இன்டர்நெட் சென்டரில் என்னிடம் 1,500 ரூபாய் கேட்டார்கள். நானே உட்கார்ந்து போட்டேன், அரை மணி நேரம் ஆனது.

தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை ஒன்று கையில் இருப்பது நல்லது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பாட்டிலை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்காமல் போய் ஒரு நாள் பஸ் காசு போயிற்று.

லேபிளில் பெயர், என்னென்ன சேர்த்தது, அளவு, செய்த தேதி, எத்தனை நாளுக்குள் குடிக்க வேண்டும், முகவரி, பதிவு எண், சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி. ‘ப்ரோபயாடிக்’ (நன்மை செய்யும் நுண்ணுயிர் உள்ளது) என்று மட்டும் போடாதீர்கள். அந்த வார்த்தைக்குத் தனி விதி இருக்கிறது: எந்த நுண்ணுயிர், ஒரு நாள் அளவில் உயிரோடு எத்தனை கோடி என்று ஆய்வகத்தில் நிரூபிக்க வேண்டும். நம் ஜாடியில் இருப்பது என்ன என்று நமக்கே தெரியாது. ‘புளித்த இஞ்சி சோடா’ என்று போடுங்கள், வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஐஸ் பெட்டி இல்லாமல் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டாம். வெயிலில் நிற்கிற பாட்டில் அங்கேயும் முற்றிக்கொண்டேதான் இருக்கும்.

10. ஒரு நோட்டும், உறையின் விடுமுறையும்

20 ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அடைத்த தேதி, மணி, அன்றைய வெயில், கல்லாக நின்ற நேரம் நாலையும் எழுதுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் வீட்டுக்கான கால அட்டவணை அதில் இருக்கும். கடலைப் பார்த்த அடுப்படிக்கும் தெருவைப் பார்த்த அடுப்படிக்கும்கூட இரண்டு மணி நேரம் வித்தியாசம் வருகிறது.

ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஜாடியை மூடி போட்டு, இறுக்காமல், ஃப்ரிட்ஜில் வையுங்கள். வாரம் ஒரு முறை ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு கரண்டி இஞ்சி. திரும்பி வந்ததும் வெளியே எடுத்து அதே தீனி போட்டு, மறுநாள் மதியம் கலக்கிப் பாருங்கள். ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்டால் அன்று ராத்திரி 8 மணிக்கு அடைக்கலாம். கேட்காவிட்டால் இன்னும் ஒரு நாள் தீனி போடுங்கள். அப்போதும் கேட்காவிட்டால் வேப்பமர மூட்டில் ஊற்றிவிட்டு, சந்தையில் மண் ஒட்டிய இஞ்சி கால் கிலோ வாங்கி வாருங்கள்.